“தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க” என்றால் மட்டும் போதாது
101-க்குப் பேசுவது எப்படி? ஓர் உழவரின் பாடம்



மூடாக்கு, விதைத்தேர்வு, பஞ்சகவ்யம் என்று எழுதி வந்த நான், இந்த முறை போன் பேசுவது எப்படி என்று எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. அந்த ஒரு நிமிடப் பேச்சு ஒழுங்காகத் தெரியாததால் நான் பறிகொடுத்தது பதினோரு வருசத்து விதை.

விளாத்திகுளம் தாலுகாவில் புதூருக்குப் பக்கம் என் மானாவாரிக் காடு. ஒரு பங்குனி மாத மத்தியானம் ஓடைக்கரைப் புல்லில் தீ பிடித்தது. பீடித் துண்டா, கம்பி உரசிய பொறியா, இன்று வரை தெரியாது. புல்லில் ஓடிய தீ சோளத்தட்டைப் படப்புக்கு ஏறியது. படப்புக்கு மேற்கே ஓலைக்கொட்டகை. கருங்கண்ணிப் பருத்தி, குதிரைவாலி, வரகு, சம்பா மிளகாய் என்று எல்லா விதையும் பானையிலும் சுரைக்குடுக்கையிலுமாக அங்கேதான் இருந்தது.

101-ஐ அழுத்தினேன். உடனே எடுத்தார்கள். “சார், புதூர்ப் பக்கம் படப்பு எரியுது, சீக்கிரம் வாங்க” என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். பேசியது பத்து நொடி இருக்கும். அடுத்த நிமிடமே தம்பிக்கு, மச்சானுக்கு, பக்கத்துக் காட்டுக்காரருக்கு என்று வரிசையாகப் போன் போட ஆரம்பித்தேன். வழி கேட்பதற்காகத் தீயணைப்பு வண்டியிலிருந்து என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் லைன் கிடைக்கவே இல்லை. வண்டி வேறொரு வண்டிப்பாதையில் இறங்கி, டீக்கடையில் விசாரித்து, திரும்பி வந்து சேர்ந்தபோது கொட்டகையில் மூங்கில் கால்கள் மட்டும் புகைந்து கொண்டிருந்தன.

பரபரவென்று இறங்கி வேலை பார்த்த அந்த அலுவலர் கடைசியில் சொன்னார்: “அண்ணாச்சி, நீங்க போனை வைக்காம இருந்திருந்தாலே போதும்.” அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரை.

நமக்கு ஏன் இது கூடுதலாக வேண்டும்?

நாம் தாளை எரிப்பதில்லை. மண்ணில் விளைந்தது மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது நம் இயக்கம் கற்ற பாடம். நம்மாழ்வார் ஐயா 1963-இல் வேலைக்குச் சேர்ந்தது நம் மாவட்டத்துக் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில்தான். பருத்திக்கும் சிறுதானியத்துக்கும் ரசாயன உரம் போட்டுப் பார்க்கும் அந்த வேலையிலிருந்து வெளியே வந்துதான் அவர் நமக்கு வேறு வழி காட்டினார்.

எரிக்காத காட்டில் காய்ந்த பொருள் நிறைய இருக்கும். படப்பு, மூடாக்கு, பனையோலை, எருவாட்டி, ஓலைக்கூரை எல்லாம் நம் செல்வம். தீக்கும் அதுதான் தீனி. அதற்காக மூடாக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. ஈரம் காக்கும் மூடாக்கில் தீ வேகமாக ஓடாது. ஆனால் கோடையில் காய்ந்து கிடக்கும்போது அது வெறும் சருகுதான்.

நம் மாவட்டத்தில் ஆபத்தும் ஊருக்கு ஊர் மாறும். கரிசல் பக்கம் படப்பும், சீமைக்கருவேல் கரிமூட்டமும். கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் தீப்பெட்டி ஆலைகள். உடன்குடி, சாத்தான்குளம் தேரிக்காட்டில் காவோலை தொங்கும் பனைகளும், கருப்பட்டி காய்ச்சும் விடிலிகளும். தாமிரபரணிக் கரையில் வாழைச் சருகு. அதனால் சொல்ல வேண்டிய செய்தியும் இடத்துக்கு இடம் மாறும்.

எந்த எண்ணுக்கு?

101 – தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை.
112 – காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் நாடு முழுவதும் ஒரே எண். 101 கிடைக்காவிட்டால் யோசிக்காமல் இதை அழுத்துங்கள்.
108 – தீக்காயம் பட்டவர் இருந்தால்.
94987 94987 – மின்வாரியத்தின் மின்னகம். மின்கம்பி அறுந்தாலோ, மின்மாற்றியில் பொறி பறந்தாலோ. உங்கள் ஊர் லைன்மேன் எண்ணும் கையில் இருக்கட்டும்.
1077 – மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை.

கடற்கரை உழவர் வீடுகளில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். படகில் தீ என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமம் 1093.

101, 112, 108 மூன்றுக்கும் பேசக் காசு இல்லை. தீ அணைக்க வரும் வண்டிக்கும் கட்டணம் இல்லை. “வண்டி வந்தா எவ்வளவு கேப்பாங்களோ” என்று தயங்கித் தயங்கியே தீயைப் பெருக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் வேண்டாம். தீ சின்னதாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் நீங்களே அணைத்துவிட்டால், மறுபடி கூப்பிட்டு “அணைஞ்சிருச்சு சார்” என்று சொல்லிவிட்டால் போச்சு. யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சொல்ல வேண்டியவை ஏழு

ஒன்று: இடம்.
முதல் வார்த்தையே இடமாக இருக்கட்டும். லைன் நடுவில் அறுந்துபோனால்கூட, இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். கைபேசியில் பேசும்போது எடுப்பவர் உங்கள் ஊர் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைக்கக் கூடாது. மாவட்டம், தாலுகா, ஊர் என்ற வரிசையில் சொல்லுங்கள்.

நான் “புதூர்” என்றேன். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! நம் மாவட்டத்திலேயே ஆற்றங்கரையில் ஏரல் இருக்கிறது; எட்டயபுரம் தாலுகாவில் நாலுவழிச் சாலையோரம் கீழஈரால், மேலஈரால் இருக்கின்றன. பதற்றத்தில் சொன்னால் ஏரலும் ஈராலும் காதில் ஒன்றுபோலத்தான் விழும். நடுவில் பாதி மாவட்டம் கிடக்கிறது. தாலுகா பேரைச் சேர்த்துச் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

இரண்டு: என்ன எரிகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது.
இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலில் தீ பிடித்தது. உள்ளே பருத்திப் பொதிகள். கூடவே சுமார் 1,400 டன் வெடிபொருள். வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்றுவது வழக்கம். அந்தக் கப்பலில் அன்று கொடி இல்லை. துறைமுகத்தில் இருந்த மற்றவர்களுக்கு ஆபத்தின் அளவு தெரியாமலே போனது. மாலை நான்கு மணிக்குமேல் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது.

பருத்தியும் துறைமுகமும் நமக்கும் சொந்தமானவை. அதனால் அந்தக் கொடியை நாம் மறக்கக் கூடாது. போனில் நாம் சொல்லும் விவரம்தான் அந்தச் சிவப்புக் கொடி. டீசல் கேன், கேஸ் சிலிண்டர், சாண எரிவாயுக் கலன், பக்கத்தில் தீப்பெட்டிக் கிட்டங்கி, அடுத்த காட்டுக்காரரின் பூச்சிமருந்து அறை – எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பூச்சிமருந்து எரிந்த புகை அணைக்க வருகிறவர் நெஞ்சுக்குள்தான் போகும்.

சூரிய மின்தகடு வைத்திருப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஸ்விட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும் வரை தகட்டிலும் அதிலிருந்து வரும் கம்பியிலும் மின்சாரம் இருக்கும். தண்ணீர் அடிப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

மூன்று: உள்ளே உயிர் இருக்கிறதா.
ஆள், குழந்தை, நடக்க முடியாத பெரியவர், கட்டிக் கிடக்கும் மாடு, ஆடு. யாரும் இல்லையென்றால் “உள்ள யாரும் இல்ல” என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாத ஆளைத் தேடி ஒரு வீரர் தீக்குள் நுழைய வேண்டாம்.

நான்கு: காற்று எந்தப் பக்கம்.
நம் பக்கம் ஆடியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோடை மத்தியானம் கடல்காற்று ஏறும். காற்றுத் திசையில் வீடா, இன்னொரு படப்பா, வெறும் தரிசா என்று சொன்னால், எந்தப் பக்கம் வண்டியை நிறுத்துவது என்று வரும்போதே முடிவு செய்துவிடுவார்கள்.

ஐந்து: பெரிய வண்டி வரும் பாதை.
நமக்கு வழி என்றால் பைக் போகும் வழி. தீயணைப்பு வண்டி ஒரு தண்ணீர் லாரி. கண்மாய்க் கரை, ஓடைப் பாலம், மழை பெய்த கரிசல், தேரி மணல் எல்லாம் அதை இழுத்து உட்கார வைத்துவிடும். தாழத் தொங்கும் மின்கம்பி இருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த விலக்கில் இறங்க வேண்டும், எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், அங்கிருந்து இடமா வலமா என்று சொல்லுங்கள்.

ஆறு: தண்ணீர்.
வண்டியில் வருவது சுமார் 4,500 லிட்டர். படப்புத் தீக்கு அது சில நிமிடத் தண்ணீர்தான். கண்மாய், பண்ணைக்குட்டை, தொட்டி, கிணறு எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். கிணறு என்றால் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்பதும் வேண்டும். மேலே இருந்து உறிஞ்சும் பம்பு 25 அடிக்குக் கீழே இழுக்கத் திணறும் என்பது மோட்டார் வைத்த நமக்குத் தெரிந்ததுதான். அவர்கள் பம்புக்கும் அதே கணக்கு.

ஏழு: பெயர், போன் எண்.
எந்த எண்ணில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அந்தப் போனில் வேறு யாருக்கும் பேசாதீர்கள்.

கடைசியாக: அவர்கள் “வைங்க” என்று சொல்லும் வரை நீங்கள் வைக்காதீர்கள். நம் கடலில் அந்தக் காலத்தில் முத்துக்கும் சங்குக்கும் மூழ்கியவரின் உயிர், மேலே கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. கயிற்றை நடுவில் விட்டுவிட்டுப் போனவர் உண்டா? தீ எரியும்போது போன் அந்தக் கயிறு.

பேசிப் பார்ப்போம்

ஒரு மாதிரிப் பேச்சு. எங்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் அலுவலராகவும் ஒருவர் உழவராகவும் இருந்து இப்படித்தான் பழகினோம்.

“வணக்கம், தீயணைப்புத் துறை. சொல்லுங்க.”

“வணக்கம் சார். தூத்துக்குடி மாவட்டம், எட்டயபுரம் தாலுகா, கீழஈரால். ஆத்தங்கரை ஏரல் இல்ல சார், நாலுவழிச் சாலைக் கீழஈரால். தோட்டத்துல சோளத்தட்டைப் படப்பு எரியுது.”

“பக்கத்துல என்ன இருக்கு?”

“பத்தடி தள்ளி மாட்டுக்கொட்டகை, ஓலைக்கூரை. மாடு ரெண்டையும் அவுத்து விட்டாச்சு. உள்ள யாரும் இல்ல. கொட்டகை மூலையில 20 லிட்டர் டீசல் கேன் இருக்கு, அதை எடுக்க முடியல.”

“காத்து எப்படி அடிக்குது?”

“கிழக்க இருந்து மேக்க. மேக்க நாலு வீடு இருக்கு சார்.”

“வண்டி எப்படி வரணும்?”

“ஊர் விலக்குல இறங்கி நேரா வரணும். அம்மன் கோயில் தாண்டி இடது பக்கம் கண்மாய்க் கரை. அதுல பெரிய வண்டி வராது. கோயிலுக்கு முன்னாடியே வலது பக்கம் தார் ரோடு இருக்கு, அதுலதான் வரணும். விலக்குல சிவப்புத் துண்டோட ஒரு பையன் நிப்பான்.”

“தண்ணி வசதி?”

“கிணறு இருக்கு, தண்ணி 15 அடியில. கரண்டை நிறுத்தியாச்சு. பக்கத்துத் தோட்டத்துல டீசல் இஞ்சின் இருக்கு.”

“உங்க பேர், நம்பர்?”

பெயரும் எண்ணும் சொல்லி, “லைனை ஃப்ரீயா வச்சிருக்கேன் சார்” என்றால் முடிந்தது. மொத்தமும் ஒரு நிமிடம்தான். எங்கள் கூட்டத்தில் முதல் தடவை ஒருத்தராலும் இதைத் திக்காமல் சொல்ல முடியவில்லை. மூன்றாவது தடவை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் சொன்னது.

போனை வைத்த பிறகு

ஒரே ஆள் எல்லாம் செய்யக் கூடாது. போன் பிடிப்பவர் ஒருவர், விலக்கில் போய் நிற்பவர் ஒருவர், மாடு அவிழ்ப்பவர் ஒருவர். பதற்றத்தில் முடிச்சு அவிழாது. கயிற்றை அறுக்க அரிவாள் கொண்டு போங்கள்.

மின்சாரத்தை நிறுத்தும் முன் கொட்டகை மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகவே வேண்டாம். டீசல், எண்ணெய் எரிந்தால் தண்ணீர் வேண்டாம். மண்ணை அள்ளிப் போடுங்கள். எரியும் படப்பைக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட, காற்று போகும் பக்கத்துச் சருகை இழுத்து அப்புறப்படுத்தி, தரையை வெறுமையாக்குவது மேல். தலைக்குமேல் தீ எழும்பிவிட்டால் விலகி நில்லுங்கள். படப்பை மறுபடி போடலாம், ஆளைப் போட முடியாது.

தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். மை, மாவு, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். பிறகு 108.

படப்பு வெளியே அணைந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே கனன்று கொண்டிருக்கும். பிரித்துப் பிரித்து நனைத்தால்தான் அணையும். வண்டி போன பிறகு இரவு ஓர் ஆள் காவல் இருங்கள். மறுபடி புகைந்தால் மறுபடி 101.

எல்லாம் அடங்கியதும் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, தீயணைப்புத் துறையிடம் தீ விபத்து அறிக்கை கேட்டு விண்ணப்பியுங்கள். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அந்தத் தாள் வேண்டும். மாடு செத்திருந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை அழைத்துச் சான்று வாங்குங்கள்.

வருமுன் செய்ய வேண்டியது

படப்பையும் கொட்டகையையும் தள்ளித் தள்ளிப் போடுங்கள். மின்கம்பிக்குக் கீழே படப்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தட்டையை அடைத்துப் படப்பு போட்டால் உள்ளே தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். எருக்குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சூடு தெரியும். கோடையில் காட்டைச் சுற்றி நாலடிக்கு மூடாக்கை விலக்கி வெறும் மண்ணாக வையுங்கள்.

பிறகு, பம்புசெட் சுவரில் இதைப் பெயிண்டால் எழுதுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளையும் பார்த்துப் படிக்கும் உயரத்தில் எழுதுங்கள்.

101 / 112
மாவட்டம் – தாலுகா – ஊர்:
இறங்க வேண்டிய விலக்கு:
பெரிய வண்டி வரும் பாதை:
கிணறு – தண்ணீர் எத்தனை அடி:
மின் இணைப்பு எண்:
லைன்மேன் எண்:

கைபேசி வரைபடத்தில் உங்கள் தோட்டத்தின் இடத்தை இப்போதே குறித்து வைத்துக்கொண்டால், கேட்கும்போது அனுப்பலாம். ஆனால் சிக்னல் இல்லாத காடு நம் பக்கம் நிறைய உண்டு. எந்த மேட்டில் நின்றால் லைன் கிடைக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய் உங்கள் ஊர்ப் பாதையைச் சொல்லிவிட்டு வாருங்கள். நாங்கள் போனோம். டீ வாங்கிக் கொடுத்து, வரைபடத்தில் எங்கள் ஓடைப் பாலத்தைக் குறித்துக்கொண்டார்கள்.

என் விதையைப் பற்றிக் கேட்பீர்கள். கொட்டகையில் இருந்தது ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் முந்தைய வருசங்களில் விதைத் திருவிழாக்களில் கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்திருந்தேன். கருங்கண்ணிப் பருத்தி ஒரு சகோதரியிடமிருந்தும், குதிரைவாலி இன்னொரு உழவரிடமிருந்தும் திரும்பி வந்தது. வரகும் கிடைத்தது. சம்பா மிளகாய் மட்டும் என் பாட்டி வழி வந்த அந்த ரகம் யாரிடமும் இல்லை. அதை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இப்போது விதை மூன்று வீட்டில் இருக்கிறது. பம்புசெட் சுவரில் 101 இருக்கிறது.